ஜெயிக்கவே மாட்டார்னு தெரிஞ்ச சுயேச்சைக்கு ஓட்டுப் போடலாமா? வீட்டுல ஒரே சண்டை

செல்லூர்க்காரன்:

அண்ணன்மாரே அக்காமாரே, ரெண்டு நாளா எங்க வீட்டுல இதான் பஞ்சாயத்து, ஒரு முடிவுக்கும் வரல, அதான் இங்கன கேட்டுருவோம்னு வந்தேன்.

மதுர மாநகராட்சி எலெக்சன் பேச்சு எங்க ஏரியாவுல இப்பவே ஆரம்பிச்சிருச்சு. தேதி ஒண்ணும் வரல, ஆனா டீக்கடையில உக்காந்துக்கிட்டு வார்டு லேடீஸ் வார்டா மாறுமா மாறாதா, யாருக்கு சீட்டு, யாரு உள்குத்து குத்துவான்னு எல்லாத்தையும் அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. இதுல எங்க தெரு மாமா ஒருத்தர், கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு, சுயேச்சையா நிக்கிறேன்னு சொல்லிட்டுத் திரியுறாரு. வெட்டிப் பேச்சு பேசுற ஆளு கெடையாது. 2024 அக்டோபர்ல ஒரு மழை கொட்டுச்சுல்ல, பந்தல்குடி வாய்க்கா பொங்கி செல்லூர் பூரா தண்ணி, அன்னைக்கு எங்க வீட்டுக்குள்ள முழங்காலுக்கு மேல நிக்குது, அம்மாவக் கட்டில் மேல உக்கார வச்சு கட்டிலுக்குக் கீழ செங்கல் அடுக்கிட்டு இருக்கோம், அப்ப இந்த மாமாதான் டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு இடுப்பளவு தண்ணியில போயி தெருமுனைப் பெட்டியில ஃபியூஸ் கேரியரப் புடுங்கி விட்டாரு. இல்லேன்னா அன்னைக்கு யாருக்காவது ஷாக் அடிச்சிருக்கும். ரெண்டு நாளைக்கு வேற ஒரு பெரிய மனுசனும் எட்டிப் பாக்கல. அதுக்கப்புறம் வாய்க்கா தூர் வாரணும், சாக்கடை மூடி போடணும்னு மாமா எழுதுன மனுவோட ஜெராக்ஸ் எல்லாம் ஒரு மஞ்சப்பையில கட்டி வச்சிருக்காரு, கல்யாணப் பத்திரிகை எண்ணுற மாதிரி அதை எடுத்து எடுத்துக் காட்டுவாரு.

சரி, நல்லவரு. ஆனா ஜெயிக்க மாட்டாரு, அது அவருக்கே தெரியும். காசு இல்ல, பின்னாடி ஆள் இல்ல, ரெண்டு பெரிய கட்சியும் தலைக்கு இவ்வளவுன்னு கவர் குடுக்கும்போது இவரு என்னத்தக் குடுப்பாரு, மனு ஜெராக்ஸா?

எங்கப்பா சொல்றது, "ஜெயிக்கிற குதிரையா பாத்துப் போடுறா, ஓட்ட ஏண்டா குப்பையில போடுற". என் மச்சான் ஒரு கட்சியில இருக்கான், அவன் ஒரு படி மேல போயி மாமாவ எதிர்ப் பக்கத்துக் கட்சிக்காரன்தான் ஓட்டப் பிரிக்க நிறுத்துறான், நீ அவருக்குப் போட்டா அவனுக்குப் போட்ட மாதிரின்னு சண்டைக்கு வர்றான். என் வீட்டம்மா மட்டும், இப்படிப்பட்டவருக்கே நாம போடலேன்னா நாளைக்கு எவன் நிப்பான்னு கேக்குறா. எனக்கு மூணுமே சரியா இருக்குற மாதிரித்தான் தெரியுது. நீங்க சொல்லுங்க.

பைபாஸ் ரோடு:

உங்கப்பா சொல்றதுதான் சரி தம்பி. எலெக்சன் என்ன நல்லொழுக்கப் போட்டியா? கவுன்சிலர்னா ஒரு தண்ணி லாரிக்கு போன் போட்டா வரணும், அதுக்குக் கட்சி வேணும், கட்சிக்காரன் போன எடுக்க ஆபீஸ்ல ஆள் வேணும். மாமா ஜெயிச்சாலும் மஞ்சப்பையத் தூக்கிட்டு மாமன்றத்துல ஓரமா உக்காந்துட்டுத்தான் வரணும். ரெண்டு பேருல எவன் கொஞ்சம் பரவாயில்லயோ அவனுக்குப் போட்டுட்டு சோலியப் பாருங்க.

பழைய பூத் ஏஜெண்ட்:

பைபாஸ் அண்ணே கோவிச்சுக்காதீங்க, நீங்க சொல்றது பாதி உண்மை. நான் ஒரு கட்சிக்கு, பேரு வேணாம், நாலு எலெக்சன் பூத் ஏஜெண்டா உக்காந்தவன், இப்ப அந்தப் பக்கமே போறதில்ல. உள்ள என்ன நடக்கும்னு சொல்றேன்.

ரிசல்ட் அன்னைக்கு ராத்திரி ஜெயிச்ச பக்கம் வெடி, பிரியாணி, சால்வை. எல்லாம் அடங்குன பிறகு, மறுநாளோ அதுக்கு மறுநாளோ, வட்டச் செயலாளர் ஒரு வெள்ளத்தாள எடுத்து வச்சுக்கிட்டு உக்காருவாரு. அதுல பூத் வாரியா கணக்கு இருக்கும், எந்த பூத்துல நமக்கு எத்தனை, எதிராளிக்கு எத்தனை, உதிரிகளுக்கு எத்தனைன்னு. நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு எவனுக்கும் தெரியாது, ஆனா உங்க நாலு தெரு யாருக்குப் போட்டுச்சுன்னு அம்புட்டுப் பேருக்கும் தெரியும். எங்க வார்டுல ஒரு தடவ ஒரு சுயேச்சை நின்னாரு, ரேசன் கடைப் பிரச்னைக்காக நின்னவரு, மொத்தமே முந்நூத்திச் சொச்சம்தான் வாங்குனாரு, டெபாசிட் காலி, எங்காளுக எல்லாம் சிரிச்சாங்க. தாளப் பாத்த வட்டம் மட்டும் சிரிக்கல. அந்த முந்நூறுல இருநூறு ஒரே பூத்துல விழுந்திருக்கு. அந்த பூத்துல நாங்க எப்பவும் லீடிங்! ரூவா குடுத்த தெரு வேற. மூணு மாசம் கழிச்சுப் பாத்தா அந்தத் தெருவுக்கு போர்வெல் வண்டி வந்து நிக்குது, ரேசன் கடையும் வாரத்துல கூட ரெண்டு நாள் தெறக்குது. அந்த மனுசன் தோத்தவருதான், ஆனா வேலை நடந்துச்சு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு தம்பி. அதே முந்நூறு பத்து பூத்துல முப்பது முப்பதா செதறி விழுந்திருந்தா எந்த வட்டமும் கண்டுக்கிட்டிருக்காது, உதிரின்னு ஒரு கட்டத்துல எழுதிட்டுப் போயிருப்பாரு. அதனால நான் ஒருத்தன் போட்டா வீணாங்கறதவிட, உங்க தெருவும் பக்கத்துத் தெருவும் சேந்து போடுமாங்கறதுதான் கேக்க வேண்டிய கேள்வி. போடும்னா தாராளமா போடுங்க. நீங்களும் உங்க வீட்டம்மாவும் மட்டும்னா, மனசுக்குத் திருப்தி, அவ்வளவுதான்.

ஓட்டப் பிரிக்கிறாருன்னு மச்சான் சொல்றத நான் முழுசா தள்ளிவிட மாட்டேன், அப்படி நிறுத்துறதும் உண்டு, நானே பாத்திருக்கேன், வேட்புமனுக்குக் கட்டுற பணத்தையும் கட்டிவிட்டு வேன் வாடகையும் குடுப்பாங்க. ஆனா மாமா ரெண்டு வருசமா மனு எழுதுனவரு, ஒரு மாசத்துக்கு முன்னாடி மொளச்சவர் இல்லையே.

செல்லூர்க்காரன்:

அண்ணே இந்த பூத் தாள் மேட்டர் எனக்குத் தெரியவே தெரியாது. அப்ப நோட்டாவுக்குப் போட்டாலும் அதே மாதிரி அந்தத் தாள்ல தெரியுமா? எங்க வீட்டுல அதுவும் ஒரு யோசனை ஓடுது.

பழைய பூத் ஏஜெண்ட்:

2022 கவுன்சிலர் எலெக்சன் மெஷின்ல நோட்டா பட்டனே இல்லையே தம்பி. சட்டசபைக்கும் எம்பிக்கும்தான் 2013 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு வந்துச்சு. அங்கயும் அதுக்குப் பல்லு கெடையாது, டெபாசிட் திரும்ப வர ஆறுல ஒரு பங்கு ஓட்டு வேணும்னு கணக்குப் பாப்பாங்கல்ல, அந்தச் செல்லுபடி ஓட்டுல நோட்டாவச் சேக்க மாட்டாங்க. 2024ல இந்தூர்ல ரெண்டு லட்சத்துக்கு மேல நோட்டா விழுந்துச்சு, ஜெயிச்சவரு எம்பியா டெல்லிக்குப் போயிட்டாரு. நோட்டாவுக்குப் போட்டா ‘கோவமா இருக்காங்கப்பா’ன்னு தெரியும், என்ன கோவம்னு தெரியாது. மாமாவுக்குப் போட்டா சாக்கடைக் கோவம்னு பச்சப்புள்ளைக்குக் கூடப் புரியும்.

ஜெர்சியில ஒரு மதுரக்காரன்:

நான் அனுப்பானடிக்காரன், இங்க அமெரிக்காவுக்கு வந்து பதினாலு வருசமாச்சு. இங்க இன்னொரு கூத்து இருக்கு, சீட்டுல இல்லாத ஆளோட பேர நம்மளே கையால எழுதி ஓட்டுப் போடலாம். நம்மூர்ல சீட்டுல பேர எழுதுனா அது செல்லாத ஓட்டு, மெஷின்ல எழுதவே எடமில்ல. இங்க பல மாநிலத்துல அது சட்டப்படி ஓட்டு, ஆனா சும்மா தோணுன பேர எழுதுனா எண்ண மாட்டாங்க, அந்த ஆளு முன்கூட்டியே பதிஞ்சிருக்கணும்னு நிறைய எடத்துல விதி இருக்கு, சில மாநிலத்துல அந்த வசதியே இல்ல. அதுலயும் ஒருத்தர் ஜெயிச்சிருக்காங்க, 2010ல அலாஸ்காவுல லிசா முர்கௌஸ்கின்னு ஒரு அம்மா, சொந்தக் கட்சி உள்தேர்தல்ல தோத்துட்டு, என் பேர எழுதுங்கய்யான்னு சொல்லி செனட்டுக்கு ஜெயிச்சாங்க. அந்தப் பேர எழுத்துப்பிழையோட எழுதுன சீட்டு செல்லுமா செல்லாதான்னு எதிராளி கோர்ட்டுக்கே போயிட்டாரு. ஆனா அவங்க ஏற்கனவே செனட்டர், காசு, பேரு எல்லாம் இருந்துச்சு. நம்ம லைன்மேன் மாமா மாதிரி ஆளு அப்படி ஜெயிச்சதா நான் கேள்விப்படல.

ஓட்டப் பிரிக்கிறதுன்னா இங்க எல்லாரும் 2000ஆம் வருசத்த இழுப்பாங்க. ஜனாதிபதி எலெக்சன்ல புளோரிடாவுல புஷ்ஷுக்கும் கோருக்கும் வித்தியாசம் 537 ஓட்டு, பசுமைக் கட்சி நேடர் வாங்குனது 97 ஆயிரத்துச் சொச்சம். நேடருக்குப் போட்டவங்களத் திட்டுறவங்க இன்னும் இருக்காங்க. நேடர் இல்லேன்னா அதுல பாதிப் பேரு ஓட்டுச்சாவடிக்கே வந்திருக்க மாட்டாங்கன்னு சொல்றவங்களும் இருக்காங்க.

இதுக்கு மருந்து மாதிரி மெயின், அலாஸ்கா ரெண்டு மாநிலத்துல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசை போட்டு ஓட்டுப் போடுற முறை கொண்டு வந்தாங்க. மொதல் விருப்பம் லைன்மேன் மாமா, அவரு கழண்டுட்டா ரெண்டாவது விருப்பத்துக்கு என் ஓட்டு போகும், மச்சான் சண்டைக்கே வர முடியாது. நம்ம ஜனாதிபதியையும் ராஜ்யசபா ஆளுங்களையும் எம்எல்ஏ எம்பிங்க இந்த வரிசை முறையிலதான் தேர்ந்தெடுக்குறாங்க, நமக்குத்தான் ஒத்தப் பட்டன்.

பைபாஸ் ரோடு:

அமெரிக்கா எதுக்கு, நம்ம கதைக்கே வாங்க. 2024ல விருதுநகர் எம்பி தொகுதி, அதுல நம்ம திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் வருது, மொத எடத்துக்கும் ரெண்டாவது எடத்துக்கும் 4,379 ஓட்டு வித்தியாசம், மூணாவது வந்தவங்க லட்சத்துக்கு மேல வாங்குனாங்க. 2016ல ராதாபுரம், 49 ஓட்டு. நாப்பத்தொம்பது! அந்த கேசு வருசக்கணக்கா கோர்ட்ல கெடந்துச்சு. 2021ல சென்னை தி.நகர் 137. எம்எல்ஏ சீட்டே இப்படின்னா வார்டுல நீங்க எத்தனை ஓட்டுல ஆட்டம் மாறும்னு நெனக்கிறீங்க? அந்த 49 பேரும் மனசாட்சிப்படி போட்டோம்னுதான் சொல்லிருப்பான்.

பழைய பூத் ஏஜெண்ட்:

அண்ணே அந்த 49ல சுயேச்சைக்குப் போட்டவனவிட வீட்டுல படுத்துத் தூங்குனவன்தான் ஜாஸ்தி, அவனைத் திட்டுங்க மொதல்ல. 2004ல கர்நாடகாவுல சந்தேமரஹள்ளின்னு ஒரு தொகுதி, ஒரே ஒரு ஓட்டுல தோத்தாரு ஒருத்தர், அவரோட டிரைவரே ஓட்டுப் போடப் போகலன்னு சொல்லுவாங்க. அதுக்கு எந்தச் சுயேச்சையப் புடிக்கிறது?

மேலூர் டீச்சர்:

நான் பூத் டியூட்டி பாக்கற ஆளு, எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு சொல்றேன். 2019 டிசம்பர்ல ஊராட்சித் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு, வார்டு மெம்பருக்கு வெள்ள, தலைவருக்கு ரோஸ், யூனியனுக்குப் பச்ச, ஜில்லாவுக்கு மஞ்சன்னு நாலு கலர், பாட்டிமாருக்கு மடிச்சுக் குடுக்குறதுக்குள்ள எங்களுக்குக் கையே வலிச்சிருச்சு. வார்டு மெம்பருக்கும் தலைவருக்கும் அங்க கட்சிச் சின்னம் கெடையாது, பூட்டு சாவி, கை உருளை, ஆட்டோன்னு எல்லாரும் ஒரே தரம்தான். அதனால ஊராட்சியில மாமா மாதிரி ஆளு நெஜமாவே ஜெயிப்பாங்க. மாநகராட்சியில கட்சிச் சின்னம் ஐம்பது வருசமா சுவத்துல இருக்கு, சுயேச்சைக்கு வாபஸ் முடிஞ்ச பிறகுதான் சின்னமே கெடைக்கும், ரெண்டு வாரத்துல அத ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு சேக்கணும். மாமாகிட்ட மொதல்ல இதச் சொல்லுங்க, மனு எழுதுன மாதிரி எழுதிட்டிருந்தா ஆகாது, நடக்கணும்.

இன்னொரு கதை. எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன். எண்ணுற எடத்துல ஒரு சின்ன வார்டு, ரெண்டு பேரும் 87, 87. மறுபடி எண்ணுனாங்க, அதே. கடைசியில சீட்டெழுதி சில்வர் டப்பாவுல போட்டுக் குலுக்குனாங்க, விதிமுறை அதான். ஒருத்தர் மெம்பர் ஆனாரு, ஒருத்தர் அழுதுட்டே போனாரு. அந்த வார்டுல மூணாவதா ஒரு ஆளு நின்னாரு, அவருக்கு ஆறு ஓட்டு. வெளிய வந்ததும் ரெண்டு பக்கத்து ஆளுகளும் அவரப் புடிச்சுக்கிட்டாங்க, ஏன்யா நின்னன்னு. அவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "ஆறு பேரு எனக்குப் போட்டிருக்கான், அந்த ஆறு பேர்ல ஒருத்தன் வீட்டுக்காவது நீங்க ரெண்டு பேரும் போனீங்களா?"ன்னு கேட்டாரு பாருங்க. ஒருத்தரும் வாயத் தெறக்கல.

உசிலம்பட்டி மாப்ள:

டீச்சரக்கா சொன்னதுல ஒண்ணு விட்டுப் போச்சு, சுயேச்சையா ஜெயிச்ச மறுவாரமே துண்டு மாத்திக்கிறவன் கதை. தலைவர் தேர்தல் மறைமுகம், மெம்பருங்க ஓட்டுப் போட்டுத்தான் தலைவர் வருவாருங்கறதால பேரூராட்சி, யூனியன்ல எல்லாம் சுயேச்சை மெம்பருக்குத்தான் ராஜ மரியாதை, வேன்ல ஏத்திக் கொண்டு போயி நாலு நாள் வச்சிருந்து நேரா ஓட்டுப் போட எறக்கி விடுவாங்க. கட்சி வேணாம்னு நீங்க போட்ட ஓட்டு அப்புடியே கட்சிக்குத்தான் போய்ச் சேரும். மாமா அப்படிப் போக மாட்டாருன்னு உத்தரவாதம் உண்டா? கோவிச்சுக்காம ஒரு வார்த்த கேட்டு வச்சுக்கங்க.

அப்புறம் பேர்ல விளையாடுவாங்க, உசார். 2024ல ராமநாதபுரத்துல ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழம் சின்னத்துல சுயேச்சையா நின்னாருல்ல, அதே பேருல இன்னும் நாலஞ்சு பன்னீர்செல்வம் மனு போட்டாங்க. அவரு முதலமைச்சரா இருந்தவரு, அதனால மூணு லட்சத்துக்கு மேல வாங்கி ரெண்டாவது வந்துட்டாரு. லைன்மேன் மாமா பேருல இன்னொருத்தன் நின்னா பாதி சனம் அங்கிட்டுப் போட்டுட்டு வந்துரும். ஆர்.கே.நகர்ல 2017ல தினகரன் குக்கர் சின்னத்துல ஜெயிச்சதையும் சுயேச்சை கணக்குல எழுதுவாங்க, அதெல்லாம் சுயேச்சைன்னு பேருக்குத்தான்.

ஆனா ஒண்ணு, வீண்ங்கற வார்த்தைய எங்க பக்கம் யாரும் சொன்னா எனக்குக் கொஞ்சம் சுருக்குனு இருக்கும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கேள்விப்பட்டிருப்பீங்க. 1996ல தலைவர் பதவி தலித்துகளுக்குன்னு ஒதுக்குன பிறகு பத்து வருசம் அங்க ஒழுங்கா ஒரு தேர்தல் நடக்கல, மனு போட ஆள் வராது, வந்தாலும் ஜெயிச்சதும் ராஜினாமா. 2006லதான் நடந்துச்சு. நிக்கறதுக்கே ஆள் இல்லாத ஊரப் பாத்தவனுக்கு, ஜெயிக்க மாட்டோம்னு தெரிஞ்சும் ஒருத்தர் மஞ்சப்பையோட வந்து நிக்கறதே பெருசாத்தான் தெரியும்.

பைபாஸ் ரோடு:

சரிப்பா, ஒத்துக்கறேன், பாதி. விஜயகாந்தும் 2006ல தனியா நின்னப்ப ஓட்டப் பிரிக்க வந்தவருன்னுதான் நானே திட்டுனேன், அந்தத் தடவ அவரு கட்சிக்கு மொத்தமே ஒரு சீட்டு, 2011ல பாத்தா எதிர்க்கட்சித் தலைவர். ஆனா அதுக்கு அவரு கூட்டணிக்குத்தான் போனாரு, அதையும் மறந்துராதீங்க. எனக்கு மாமா மேல ஒண்ணும் கோவம் இல்ல தம்பி. ஆனா உங்க வார்டுல ஒருத்தன் ஜெயிச்சா நாசமாயிரும்னு இருந்து, அவனுக்கும் அடுத்தவனுக்கும் நூலளவு வித்தியாசம்னா, அந்த ஒரு தடவ மட்டும் மாமாவ விட்ருங்க. ரெண்டும் ஒரே குட்டையில ஊறுன மட்டைன்னா உங்க இஷ்டம்.

செல்லூர்க்காரன்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். நேத்து சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன், உசிலம்பட்டி மாப்ள கேக்கச் சொன்னத நேராவே கேட்டேன், ஜெயிச்சா துண்டு மாத்துவீங்களா மாமான்னு. சிரிச்சுட்டு, ‘ஜெயிச்சா பாத்துக்கலாம்டா, மொதல்ல எனக்கு டெபாசிட்டாவது வருமா’ன்னாரு. பதில் சொல்லவே இல்ல, அது எனக்குக் கொஞ்சம் இடிக்குது, மறைக்கல.

எங்க ரெண்டு தெருவும் ஒரே பூத்துதான். ஒரு பக்கமா வீட்டு எண்ணிக்கை எழுதிப் பாத்தோம், நானும் என் வீட்டம்மாவும், 140 வீடு வருது, அதுல தண்ணி வந்த வீடு 90க்கு மேல. அதுல எத்தனை பேரு கவர வாங்கிட்டு மாமாவுக்குப் போடுவாங்கன்னு தெரியல, வாங்காம இருக்கச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்ல. அப்பா இன்னும் முறுக்கிட்டுத்தான் இருக்காரு, ஆனா அந்தத் தாள வாங்கி ரெண்டு வீடு விட்டுப் போச்சுன்னு அவரே எழுதிக் குடுத்தாரு.

பழைய பூத் ஏஜெண்ட் அண்ணே, ஒரு ஹெல்ப். மாமாவுக்கு பூத்துல உக்கார ஆளே இல்லையாம், என்னைய உக்காரச் சொல்றாரு. காலையில எத்தனை மணிக்குப் போகணும், கையில என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

பழைய பூத் ஏஜெண்ட்:

விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிருங்க, மெஷின்ல சோதனை ஓட்டுப் போட்டுக் காட்டுவாங்க, அதப் பாக்காம கையெழுத்துப் போடாதீங்க. மாமா கையெழுத்துப் போட்ட ஏஜெண்ட் ஃபாரம், வாக்காளர் அட்டை, வாக்காளர் பட்டியல், ரெண்டு பேனா. சாயங்காலம் மொத்தம் எத்தனை பதிவாச்சுன்னு எழுதித் தர்ற தாள வாங்காம எழுந்திரிக்கவே கூடாது. சாப்பாடு கட்சிக்காரனுக்குத்தான் வரும், சுயேச்சைக்கு வராது, வீட்டுல இருந்து புளியோதரை கட்டிக்கங்க.